மேய்ச்சற்றரையும் விளைநிலமும்

உழவனுக்கும் ஆயனுக்கும் இடையிலுள்ள பகை ஆதிப்பகை என்று கூறுவோர் உளர். நிலத்தைப் பயிரிட்ட காயீன், மந்தை மேய்த்த தம்பி ஆபேலைக் கொன்றதாக விவிலியம் சொல்லுவதை அவர்கள் சான்றாகக் காட்டுவர். ஒருவன் வேலி அடைப்பவன், மற்றவன் வேலி தாண்டுபவன். ஆதலின் இருவரும் என்றும் மோதிக்கொண்டுதான் இருப்பர் என்பது அவர்தம் முடிவு. இம்முடிவு ஆள்வோருக்கு மிகவும் வசதியானது. இயற்கையாக வந்த பகைக்கு எவரும் பொறுப்பாளியல்லர். பொறுப்பாளி இல்லாத இடத்தில் பரிகாரம் தேடவேண்டிய கடமையும் இல்லை. நாம் இக்கருத்தை ஏற்பதற்கில்லை.

தமிழ் இலக்கணம் ஆயர் வாழ்ந்த காட்டை முல்லை என்றும், உழவர் வாழ்ந்த வயலை மருதம் என்றும் பெயரிட்டு, அடுத்தடுத்த நிலங்களாக வைத்தது. ஆநிரை கவர்தலை வெட்சி என்றும் மீட்டலைக் கரந்தை என்றும் புறப்பொருள் வெண்பாமாலை வகுத்தது. ஆனால் அங்கே ஆநிரை கவர்பவன் போர்மறவனேயன்றி உழவன் அல்லன். உழவன் ஆயனை வெட்டுவதற்கெனத் தனித்திணை எதுவும் வகுக்கப்படவில்லை. இதனால் அக்காலத்தில் மாடு வயலுக்குள் புகவேயில்லை என்றோ, கைகலப்பு நிகழவேயில்லை என்றோ நாம் வாதிட வரவில்லை. மாடு உள்ளவரை அது பயிரை நாடும்; பயிர் உள்ளவரை உழவன் கோலெடுப்பான். ஆனால் சண்டை வேறு, பகை வேறு. சண்டை அயலவருக்கிடையில் எழுந்து அயலவர் முன்னிலையிலேயே தீர்வது. பகையோ உண்டாக்கப்படுவது. சண்டை எவ்வாறு பகையாகிறது என்பதே நம்முன் உள்ள கேள்வி.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைப் பகுதியில், போருக்கு முந்திய ஆண்டுகளில் நாம் ஆசிரியத் தொழில் புரிந்தோம். அங்கே ஆண்டு முழுவதற்கும் ஓர் ஒழுங்கு இருந்தது. பெரும்போகத்துக்கு முன்னர் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடும். எந்த நாளில் விதைப்பது, எந்த நாளில் நீர் திறப்பது, எந்த நாளுக்குள் மாடுகளை வட்டையிலிருந்து அகற்றுவது என்பவை அங்கே முடிவாகும். குறித்த நாளுக்குள் பட்டிக்காரர் தம் மாடுகளை மேற்கே காட்டோரத்து மேய்ச்சற்றரைக்குச் சாய்த்துச் செல்வர். மாரி முழுவதும் அவர்கள் அங்கேயே வாடியமைத்துத் தங்குவர். மாசி, பங்குனியில் அறுவடை முடிந்ததும் மந்தை திரும்பி வரும். அரிதாள் மாட்டுக்கு உணவு. மாட்டின் எரு வயலுக்கு உணவு. எருமைகள் சேற்றை உழக்கின, சூடு மிதித்தன. பாலிலோ கன்றிலோ பங்கு பெற்றுப் பிறர் மாட்டை மேய்த்தவன் வறியவன். போடியாரின் வயலில் கூலிக்கு நின்றவனும் வறியவன். இவ்விருவருக்குமிடையே வாய்ச்சண்டை ஓயாது. ஆயினும் ஒருவனின்றி மற்றவனுக்கு ஆண்டு நிறைவுறாது.

ஒருமுறை எம் வகுப்பில் ஒரே வாங்கில் அமர்ந்திருந்த இரு சிறுவர் மூன்று நாள் பேசாதிருந்தனர். ஒருவனின் தந்தை பட்டிக்காரர். மற்றவனின் தந்தை சிறு உழவர். பட்டி மாறும் நாள் கடந்தும் நின்ற சில மாடுகள் இரவோடிரவாகக் குடலைப் பருவத்து வேளாண்மையை மேய்ந்துவிட்டன. காலையில் ஒரு பசுவின் பின்னங்கால் நரம்பு வெட்டுண்டு கிடந்தது. ஊர் இரண்டாகும் என்று நாம் அஞ்சினோம். ஆனால் அன்று மாலையே வட்டை விதானையும், இரு பக்கத்திலும் இவ்விருவராக மூத்தோர் நால்வரும் வயலுக்குள் இறங்கினர். மேயப்பட்ட இடத்தைக் காலால் நடந்து அளந்தனர். அறுவடையில் இத்தனை மூடை நெல் நட்டம் என்று மதித்தனர். பசுவின் பெறுமதியை அதிலிருந்து கழித்தனர். மீதியை அறுவடை நாளில் கொடுப்பதென்று பட்டிக்காரர் ஒப்புக்கொண்டார். பசுவை வெட்டியவரும் எல்லார் முன்னிலையிலும் தலைகுனிந்து நின்றார். நான்காம் நாள் அச்சிறுவர் இருவரும் ஒரே சிலேற்றில் கணக்குப் போட்டனர்.

இவ்வொழுங்கைப் பொற்காலமென்று நாம் போற்றவில்லை. போடியாரின் சொல் அங்கே கூலியாளின் சொல்லைவிட எடை கூடியதாகவே இருந்தது. மேய்ப்பனின் குரல் கூட்டத்தின் கடைசி வரிசையிலிருந்தே எழுந்தது. எனினும் அதற்கு மூன்று தூண்கள் இருந்தன. இருவருக்கும் பொதுவான நிலம் இருந்தது. ஒருவர்க்கொருவர் தேவை இருந்தது. இருவரும் ஏற்கும் நியாயசபை இருந்தது. இம்மூன்று தூண்களும் எவ்வாறு சாய்ந்தன என்று பார்த்தாலே பகையின் வரலாறு விளங்கும்.

முதலில் பொதுநிலத்தை எடுத்துக்கொள்வோம். ஆங்கில ஆட்சி 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் மூலம், உரிமை நாட்டமுடியாத காட்டையும் தரிசையும் முடிக்குரிய நிலமென்று கருதியது. கோப்பித் தோட்டத்துக்கு நிலம் வேண்டியிருந்த காலம் அது. வயலுக்கு உறுதி காட்டலாம். மாடு மேய்ந்த காட்டோரத்துக்கு உறுதி எழுதிக் கொடுத்தவர் எவர்? இவ்வாறு, பரம்பரையாகப் பயன்பட்ட மேய்ச்சற்றரை சட்டத்தின் கண்ணுக்கு வெறுநிலமாயிற்று. வெறுநிலத்தை எவருக்கும் எப்போதும் கொடுக்கலாமன்றோ! 1876ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் கட்டளைச் சட்டம், மாடு அயலான் நிலத்துள் புகுந்தால் என்ன செய்வதென்று சொல்லிற்று. மாட்டின் நிலத்துள் அயலான் புகுந்தால் என்ன செய்வதென்பதற்கு அது விடை தரவில்லை.

சுதந்திரத்தின் பின்னரும் இந்த நோக்கு மாறவில்லை. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டமும், 1977ஆம் ஆண்டின் பின் விரைவுபடுத்தப்பட்ட மகாவலித் திட்டமும் காட்டை வெட்டிக் குடியேற்றம் அமைத்தன. வரைபடத்தில் கால்வாய்க்குக் கோடு இருந்தது; வயலுக்குக் கட்டம் இருந்தது; மாடு நடந்த பாதைக்குக் கோடு இல்லை. உழவர்க்கு நிலமளிப்பது நற்காரியமே. ஆனால் அந்நிலத்தை எவரிடமிருந்து எடுத்தார்கள் என்று கேட்க எவரும் முன்வரவில்லை. குடியேற்றத்தோடு இனக்கணக்கும் கலந்தபோது நிலப்பிரச்சினை இனப்பிரச்சினையின் உடையை அணிந்துகொண்டது.

இரண்டாவது தூணாகிய பரஸ்பரத் தேவை அத்துணை இரைச்சலின்றிச் சாய்ந்தது. உழவு இயந்திரம் வந்ததும் எருமை வேண்டாததாயிற்று. இரசாயன உரம் வந்ததும் எருவும் வேண்டாததாயிற்று. நீர்ப்பாசனம் பெற்ற வயல்களில் சிறுபோகமும் விளைந்தபோது மாடு அரிதாள் மேயும் மாதங்கள் சுருங்கின. முன்னர் வரவேற்கப்பட்ட மந்தை ‘கட்டாக்காலி’ என்ற ஒரே பெயரால் அழைக்கப்படலாயிற்று. மூன்றாவது தூணைப் போர் தகர்த்தது. ஊர்ப் பெரியவர்கள் சிதறினர், காட்டுப் பாதைகள் அடைபட்டன, பட்டிகள் அழிந்தன. பலர் ஒருசில மாடுகளிலிருந்து மீண்டும் பட்டி கட்டவேண்டியவராயினர்.

மயிலத்தமடு, மாதவனைப் பகுதியில் நிகழ்ந்ததை இப்பின்னணியில் வைத்தே நோக்கவேண்டும். மட்டக்களப்பின் மேற்கெல்லையில், மகாவலி அதிகாரத்துக்குட்பட்ட பரப்பில் அமைந்த அப்பெரு மேய்ச்சற்றரையில் தமிழ்ப் பாற்பண்ணையாளர் தம் மாடுகளை நெடுங்காலம் மேய்த்துவந்தனர். போர் முடிந்தபின் வெளிமாவட்டங்களிலிருந்து வந்த சிங்கள உழவர் அங்கே காணி வெட்டிப் பயிரிட்டனர். மாடுகள் சுடப்படுகின்றன, வெட்டப்படுகின்றன, கண்ணியிலும் மின்கம்பியிலும் சிக்கி மாள்கின்றன என்று பண்ணையாளர் முறையிட்டனர். மாடுகள் பயிரை அழிக்கின்றன என்று பயிரிட்டோர் கூறினர். 2023 செப்டெம்பரில் பண்ணையாளர் சித்தாண்டியில் தெருவோரம் அமர்ந்து தொடங்கிய போராட்டம் ஓராண்டு கடந்தும் நீடித்தது.

மாடு இழந்தவனின் துயருக்கு நாம் ஒரு சொல்லும் குறைத்துப் பேசமாட்டோம். ஒரு கறவைப் பசு வறியவனின் வங்கி; அது பிள்ளையின் படிப்பும் வீட்டின் கூரையுமாகும். அதனைச் சுட்டவன் குற்றவாளியே. எனினும் நாம் மேலும் ஒரு படி சென்று கேட்கவேண்டும். மாரி மழையில் காட்டுக்குள் கொட்டில் போட்டுச் சோளம் விதைக்க வந்த உழவன் யார்? தன் ஊரில் நிலம் போதாதவன், கடன்பட்டவன். நிலமில்லாத உழவனை நிலவுரிமை எழுதப்படாத மேய்ப்பனின்மேல் ஏவிவிட்டு, மேலிருந்து பார்ப்பவர் எவர்? மேய்ச்சற்றரையை எல்லையிட்டு வர்த்தமானியில் அறிவித்திருந்தால் அங்கே வித்து விழுந்திருக்குமா? உழவனுக்கு அவன் பிறந்த மாவட்டத்திலேயே நிலம் பகிரப்பட்டிருந்தால் அவன் அக்காட்டுக்கு வந்திருப்பானா? இக்கேள்விகளைக் கேளாதவர், சிங்களவன் தமிழன் என்ற இரு சொற்களோடு கதையை முடித்துவிடுவர்.

இந்நோய் முற்றினால் என்னவாகும் என்பதை அறிய விரும்புவோர் நைஜீரியாவை நோக்கலாம். நம் நாட்டில் மாடு மாண்டது. அங்கே மனிதர் ஆயிரக்கணக்கில் மாண்டனர். அளவு வேறாயினும் சாய்ந்த தூண்கள் அவையே.

நைஜீரியாவின் வடக்கு வறண்ட புல்வெளி. நடுப்பகுதியில் பெனுவே ஆற்றின் செழும்பள்ளத்தாக்கு. கோடையில் புலானி மேய்ப்பர் மந்தையோடு தெற்கே வருவர். மழை தொடங்கியதும் வடக்கே திரும்புவர். அறுவடை முடிந்த வயலில் மாடு தாளை மேய்ந்து எருவிட்டது. மேய்ப்பன் பாலை விற்றுத் தானியம் வாங்கினான். மாடு செல்லும் பாதைக்கு அங்கே ‘புர்த்தாலி’ என்று பெயரும் உண்டு. படுவான்கரையை அறிந்தவனுக்கு இவ்வொழுங்கு புதிதன்று.

1960இல் அந்நாடு சுதந்திரம் பெற்றபோது மக்கள் தொகை ஏறத்தாழ நாலரைக் கோடி. இன்று இருபது கோடிக்கு மேல். வயல் விரிந்தது, பாதை சுருங்கிற்று. வடபிராந்திய அரசு 1965இல் மேய்ச்சல் ஒதுக்கிடங்களுக்கெனச் சட்டம் இயற்றிற்று. 415 ஒதுக்கிடங்கள் திட்டமிடப்பட்டன. அவற்றுள் முறையாக அறிவிக்கப்பட்டவை 114 மட்டுமே. எஞ்சியவை காகிதத்தில் கிடக்க, நிலத்தில் கலப்பை ஏறிற்று. 1970களிலும் 1980களிலும் நேர்ந்த வறட்சிகள் மேய்ப்பரைத் தெற்கே தள்ளின. மாட்டைக் கொல்லும் ஈ நோயைக் கட்டுப்படுத்திய மருத்துவமும் அவர்கள் தெற்கே தங்க வழி செய்தது. 1990களில் உலக வங்கியின் துணையோடு ஆற்றோரத் தாழ்நிலங்களில் கோடைப் பயிர்ச்செய்கை வளர்க்கப்பட்டது. உழவனுக்கு அது இரண்டாம் போகம். மேய்ப்பனுக்கோ கோடையில் எஞ்சியிருந்த கடைசிப் புல்லும் நீரும் பறிபோன செய்தி. பின்னர் வடகிழக்கில் போகோ ஹராம் கிளர்ச்சியும், வடமேற்கில் மாட்டுக் கொள்ளையும் மந்தைகளை இன்னும் தெற்கே விரட்டின. துப்பாக்கி மலிவாயிற்று. நகரத்துச் செல்வரும் அதிகாரிகளும் தம் பணத்தை மந்தையில் முதலிட்டு, கூலிக்கு இளைஞரை அமர்த்தி மேய்க்கவிட்டனர். வயற்காரனை அறியாத அக்கூலி மேய்ப்பனுக்கு அயலான் என்ற உறவில்லை. மந்தையின் முதலாளிக்கோ வயலே தெரியாது.

பெனுவே மாநிலம் 2017இல் திறந்த மேய்ச்சலைத் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. அது அவ்வாண்டு நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. மாடு வளர்ப்போர் பண்ணைக்குள் வளர்க்கவேண்டும் என்றது சட்டம். பண்ணைக்கு நிலமில்லாதவன் என் செய்வான் என்பதற்கு வழி வகுக்கவில்லை. 2018 புத்தாண்டு நாளில் அங்கே நிகழ்ந்த தாக்குதல்களில் எழுபதுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அவ்வாண்டின் முதற் பாதியில் மாத்திரம் நாட்டில் 1,300க்கு மேற்பட்டோர் மாண்டனர் என்றும், ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் வீடிழந்தனர் என்றும் சர்வதேச நெருக்கடிக் குழு கணித்தது. 2016 ஜனவரி முதல் 2018 ஒக்டோபர் வரை 3,641 பேர் இம்மோதலில் இறந்ததாகச் சர்வதேச மன்னிப்புச் சபை பதிவு செய்தது. கொலையாளிகளை விசாரித்துத் தண்டிக்க அரசு தவறியதே அடுத்தடுத்த கொலைகளுக்கு வழிவகுத்தது என்றும் அச்சபை சுட்டிற்று. 2025 ஜூனில் யெல்வத்தா என்னும் ஊரில் ஓரிரவில் நூறு பேருக்கு மேல் மாண்டனர். நீதி கிடைக்காதவன் பழியை நாடுகிறான். பழிக்கு ஆள் அடையாளம் தெரியாதபோது இனத்தையே ஆளாகக் கொள்கிறான்.

இதனை முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் நடக்கும் போர் என்று உலகச் செய்தித்தாள்கள் எழுதுவதுண்டு. பெனுவேயில் உழவர் பெரும்பாலும் கிறிஸ்தவர், மேய்ப்பர் முஸ்லிம்கள் என்பது மெய்யே. ஆனால் வடமேற்கிலுள்ள சம்பாரா மாநிலத்தில் உழுகின்ற ஹவுசா மக்களும் முஸ்லிம்கள், மேய்க்கின்ற புலானி மக்களும் முஸ்லிம்கள். அங்கும் இரத்தம் ஆறாக ஓடுகிறது. மதம் இத்தீயின் விறகு அன்று எனக் கூறமாட்டோம். ஆனால் தீப்பொறி வேறிடத்திலிருந்து வந்தது.

இங்கே நம் நண்பர் சிலர் ஒரு தடை எழுப்புவர். ‘மேய்ச்சல் வாழ்வே பழங்காலத்தது. நல்லினப் பசுக்களைக் கொட்டிலில் கட்டிப் புல்வெட்டிப் போட்டு வளர்த்தால் மோதலும் இல்லை, பாலும் மிகும் அன்றோ?’ என்பர். இத்தடையை நாம் அலட்சியம் செய்யவில்லை. நீரும் நிலமும் முதலும் உள்ளவனுக்கு அது நல்வழியே. ஆனால் பட்டிக்காரனிடம் இருப்பது வறட்சியைத் தாங்கும் நாட்டு மாடும், அதை நடத்தத் தெரிந்த காலும் மட்டுமே. புல் விளைவிக்க அவனுக்கு ஒரு பரப்பு நிலம் கொடுக்காமல், மேய்ச்சலையும் தடைசெய்வது முன்னேற்றமாகாது. அவனைக் கூலியாளாக்கும் சூழ்ச்சியே ஆகும். பெனுவேச் சட்டம் அதனை இரத்தத்தால் எழுதிக் காட்டிவிட்டது. அந்நியச் செலாவணியைக் கொட்டிப் பால்மா வாங்கும் நம் நாடு, பால் தருகின்ற மாட்டுக்கு நிற்க இடமில்லை என்று சொல்வது விந்தையினும் விந்தை.

அப்படியாயின் செய்யத்தக்கது யாது? மேய்ச்சற்றரையையும், மாடு நடக்கும் பாதையையும், நீர்த்துறையையும் அளந்து எல்லைக்கல் நாட்டி வர்த்தமானியில் வெளியிடவேண்டும். நைஜர் நாடு 1993இல் வகுத்த கிராமியச் சட்டக்கோவை, மேய்ப்பரின் பயன்பாட்டுரிமையையும் உரிமையென்று ஏற்றது; ஊர்தோறும் நிலக்குழுக்களுக்கு இடமளித்தது. வயல்களை மாட்டுக்குத் திறந்துவிடும் நாளை அங்கே ஆண்டுதோறும் அறிவிப்பர். நம் பயிர்ச்செய்கைக் கூட்டம் மாட்டை அகற்றும் நாளைக் குறிக்கிறது. அவர்கள் மாடு நுழையும் நாளையும் குறிக்கிறார்கள். இரண்டும் ஒரே நாட்காட்டியின் இரு பக்கங்கள். அச்சட்டத்தால் நைஜரில் மோதல் ஒழிந்துவிடவில்லை. ஆயினும் மேய்ப்பன் தன் உரிமையைச் சுட்டிக்காட்ட ஓர் எழுத்து அவன் கையில் உண்டு.

அடுத்ததாக, பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் பட்டிக்காரர் கடைசி வரிசையில் அன்றிச் சம ஆசனத்தில் அமரவேண்டும். போக வேண்டிய நாளை மாத்திரமன்றி, போகவேண்டிய இடத்தையும் அக்கூட்டம் சொல்லவேண்டும். போக இடமின்றிப் போகச் சொல்வது நியாயமன்று. பயிரழிவைக் காலம் தாழ்த்தாது இரு பக்கத்தாரும் சேர்ந்து மதிப்பிடவேண்டும். வழக்குமன்றத்துக்கு ஆண்டுக்கணக்கில் அலையும் ஏழை, கத்தியே விரைவானது என்று எண்ணத் தலைப்படுவான். மாட்டுக்காரரும் தம் கடமையை உணரவேண்டும். இரவில் வேண்டுமென்றே வயலில் மாடு விடுபவனை அவர்தம் சங்கமே முதலில் கண்டிக்கவேண்டும். நட்டஈட்டை மேய்ப்பவனிடமன்றி மந்தையின் உடைமையாளனிடம் அறவிடவேண்டும். மாட்டைச் சுட்டவனாயினும் மனிதனை வெட்டியவனாயினும், குற்றவாளி எவனோ அவனையே தண்டிக்கவேண்டும். அவன் பிறந்த இனத்தை அன்று.

சமாதானக் குழுக்கள் நல்லவையே. ஆனால் நிலத்தின் உரிமை மேலே தீர்மானிக்கப்படும்போது கீழே அமர்ந்து தேநீர் பருகும் குழு எதைத் தீர்க்கும்? நாம் கண்ட அந்த நால்வரும் வயலில் இறங்கி நட்டத்தை அளக்க முடிந்தது, வயல் எவருடையது, காடு எவர் மேய்ப்பது என்பதில் அவர்களுக்குள் ஐயம் இல்லாதபடியாலேயே. உரிமை தெளிந்த இடத்தில்தான் சமரசம் சாத்தியம். உரிமையை மறைத்துவிட்டுப் பொறுமை போதிப்பது வலியவனுக்குச் செய்யும் ஊழியம்.

ஆசிரியர்களும் மாணவர்களுமாகிய வாசகர் இதில் செய்யக்கூடியது உண்டு. நம் பூமிசாத்திரப் பாடத்தில் நெல் விளையும் மாவட்டங்களை நிறம் தீட்டக் கற்பிக்கிறோம். மந்தை நடக்கும் வழியைக் கற்பிப்பதில்லை. ஒவ்வொரு கிராமத்திலும் மூத்த பட்டிக்காரர் ஒருவரேனும் இருப்பார். எந்த மாதத்தில் எந்தக் குளத்தங்கரை வழியாக எந்தக் காட்டுக்கு அவர் மாடு சாய்த்தார் என்று மாணவர் கேட்டு எழுதட்டும். அப்பாதையை வரைபடத்தில் கோடிடட்டும். அதே மாணவர் சிங்களக் கிராமத்துக்கும் சென்று, அங்குள்ள உழவனுக்கு எத்தனை ஏக்கர், எத்தனை ரூபா கடன் என்றும் கேட்கட்டும். இவ்விரண்டு ஏடுகளையும் ஒரே மேசையில் விரித்துவைத்தால், நிலமற்றவனும் புல்லற்றவனும் ஒருவனை ஒருவன் பார்த்துச் சீறிக்கொண்டிருக்க, இருவரின் நிலத்துக்கும் எல்லைக்கோடு கீறிய கை எங்கேயிருக்கிறது என்பது புலப்படும். அந்தக் கையை நோக்கி இருவரும் சேர்ந்து பேசத் தொடங்கும் நாளிலேயே மேய்ச்சற்றரைப் பிரச்சினைக்கு மெய்யான தீர்வு தொடங்கும்.